ஒளி, வெப்பம் தலைப்பில் அறிவியல் கண்காட்சிக்கு எந்தச் சோதனையை எடுக்கலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மூன்று வாரத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒளி, வெப்பம் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். சூரிய அடுப்பு செய்யலாமா, கண்ணாடி ஜாடியில் பசுமை இல்ல விளைவைக் காட்டலாமா, இல்லை கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா சோதனையே போதுமா?

பதில்: மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் டப்பாவைத்தான் சொல்வேன். அதைத்தான் எல்லோரும் செய்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றும். செய்கிறார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். முதலில், தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகள் இயற்பியல் பாடம் எடுத்திருக்கிறேன், கண்காட்சிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். மேசை மேசையாகப் போகும்போது இரண்டு வகைப் பிள்ளைகளைப் பார்ப்பேன். ஒரு வகையினர் ஒன்றைச் செய்து காட்டுவார்கள். பால் துளி விட்ட தண்ணீரில் டார்ச் அடித்துச் செவ்வானம் காட்டுவார்கள், பெரிஸ்கோப் செய்து வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் என்ன வரும் என்பது செய்வதற்கு முன்பே தெரியும். இன்னொரு வகையினர் ஒன்றைக் கேட்டு, அளந்து, விடையோடு நிற்பார்கள். அவர்களிடம் பேச ஆரம்பித்தால் அடுத்த மேசைக்குப் போக மனமே வராது. இரண்டையும் பிரிக்க ஒரே கேள்வி போதும்: "நீ எதை மாற்றினாய், எதை அளந்தாய்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத திட்டம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

ஒளி, வெப்பம் என்ற தலைப்பில் ஒரு வசதி உண்டு. ஒரு வெப்பமானியும் கடிகாரமும் இருந்தாலே எண்கள் கிடைத்துவிடும். ஒரு தொல்லையும் உண்டு. வெப்பம் ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று வழியிலும் ஒரே நேரத்தில் கசியும், மூடி இல்லாவிட்டால் ஆவியாகவும் போகும். எந்த ஓட்டையை அடைத்தோம், எதைத் திறந்து வைத்தோம் என்று தெரிந்து செய்தால் சோதனை நன்றாக வரும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். நிறத்துக்கும் வெயிலுக்கும் உள்ள உறவு பழைய விஷயம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வெவ்வேறு நிறத் துணித் துண்டுகளை வெயில் அடிக்கும் காலையில் பனியின் மேல் போட்டுப் பார்த்ததாக 1761இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கறுப்புத் துணி பனியை உருக்கி ஆழமாக இறங்கிவிட்டது, வெள்ளைத் துணி மேலேயே கிடந்தது. வெப்பமானியே இல்லாமல், இறங்கிய ஆழத்தை வைத்தே அளந்துவிட்டார் மனிதர்!

உங்கள் மகளுக்கு ஒரே அளவுள்ள, லேபிள் கிழித்த மூன்று தகர டப்பாக்கள் வேண்டும். ஒன்றுக்கு மினுமினுப்பில்லாத கறுப்பு பெயின்ட், இன்னொன்றுக்கு அதேபோல மினுமினுப்பில்லாத வெள்ளை பெயின்ட். மூன்றாவதை எதுவும் பூசாமல் பளபளப்பாக விட்டுவிடுங்கள். மூன்றிலும் அளந்து ஒரே அளவு தண்ணீர். மூடிக்கு அட்டை, அதில் வெப்பமானி நுழைய ஒரு துளை. அடியில் தெர்மாகோல், இல்லாவிட்டால் சுட்ட தரையின் வெப்பம் டப்பாவுக்குள் ஏறி கணக்கைக் கெடுத்துவிடும்.

வெயிலில் வைப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போடச் சொல்லுங்கள். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். டப்பாவின் அகலம் 6.5 செ.மீ., உயரம் 12 செ.மீ. என்றால் வெயிலைப் பார்க்கும் பரப்பு 78 சதுர செ.மீ. அவ்வளவு பலமான வெயில் பக்கவாட்டில் நேராக அடித்து, முழுவதையும் டப்பா உறிஞ்சிக்கொண்டால்கூட உள்ளே போவது 8 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான். 300 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 1260 ஜூல் தேவை. அப்படியானால் ஒரு டிகிரி ஏற, எல்லாமே சாதகமாக இருந்தாலும், 2 நிமிடம் 40 விநாடி ஆகும். நிஜத்தில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். அதனால் நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. 5 நிமிடத்துக்கு ஒரு முறை, குறைந்தது 40 நிமிடம் அளந்தால் போதும். அவசரம் என்றால் தண்ணீரைக் குறைக்கலாம். இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்தால் நான் எழுந்து நின்று கை கொடுத்துவிடுவேன். இன்னொன்று, நிமிர்ந்து நிற்கும் டப்பாவுக்கு உச்சி வெயிலைவிட சாய்ந்து விழும் காலை வெயில்தான் நல்லது. உச்சியில் இருக்கும்போது வெயில் மூடியில்தான் விழும்.

கறுப்பு முந்தும், வெள்ளை பின்தங்கும். இதோடு பெரும்பாலோர் சார்ட் பேப்பர் ஒட்டப் போய்விடுகிறார்கள்.

நீங்கள் போக வேண்டாம். அதே மூன்று டப்பாக்களை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெயிலும் காற்றும் படாத இடத்தில் வைத்து, 65 டிகிரி சுடு தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஊற்றுவது பெரியவர் வேலை. இப்போது எது வேகமாக ஆறும் என்று அளப்பதற்கு முன்பே மகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் "கறுப்பு வேகமாக ஆறும், அப்புறம் வெள்ளை, கடைசியில் பளபளப்பு" என்று எழுதுவார்கள். கறுப்பு நன்றாக உறிஞ்சும், நன்றாக உமிழும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள் இல்லையா?

அளந்து பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறும். பளபளப்பான டப்பா மட்டும் தனியாக, நன்றாகத் தெரியும்படி மெதுவாக ஆறும்.

முதல் முறை இதைப் பார்க்கும் பிள்ளை தான் எங்கோ தவறு செய்துவிட்டதாகத்தான் நினைக்கும். தவறில்லை. வெள்ளை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும்தான் வெள்ளை. சூரியனின் கதிர்வீச்சு 0.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். 60 டிகிரி சூட்டில் இருக்கும் டப்பா உமிழ்வது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு, அதன் உச்சம் சுமார் 9 மைக்ரோமீட்டர். அந்த அலைநீளத்தில் பார்க்க முடிந்தால் வெள்ளை பெயின்டும் கறுப்பாகத்தான் தெரியும். ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக உமிழ்கிறது என்பதை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். பெயின்ட் எந்த நிறமானாலும் அது 0.9 சுற்றி இருக்கும். மெருகேற்றிய உலோகத்துக்கு 0.1, அதற்கும் குறைவு. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் லெஸ்லி 1804இல் இதே வித்தியாசத்தைத்தான் சுடு தண்ணீர் நிரப்பிய ஒரு உலோகக் கனசதுரத்தின் வெவ்வேறு முகங்களை வைத்துக் காட்டினார். உங்கள் மகளின் மூன்று டப்பாக்கள் அந்தக் கனசதுரத்தின் தம்பிகள்.

ஆக, "கறுப்பு வெப்பத்தை ஈர்க்கும்" என்ற பழைய வரி இங்கே போதாது. "நிறம் வெயிலில் சூடாவதைத் தீர்மானிக்கிறது, நிழலில் ஆறுவதை ஏறக்குறைய தீர்மானிப்பதே இல்லை, அங்கே பரப்பு பெயின்டா, வெறும் உலோகமா என்பதுதான் கணக்கு." இது அவளே அளந்து சொல்லும் முடிவு. நடுவருக்கே புதிதாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். நேரம் மிச்சமிருந்தால், தண்ணீர் இல்லாமல் வெள்ளை பூசிய தகடு ஒன்றையும் பூசாத பளபளத் தகடு ஒன்றையும் நீண்ட நேரம் வெயிலில் வைத்து எது கடைசியில் அதிகம் சூடாகிறது என்று பார்க்கட்டும். வெறும் உலோகம் வெயிலைக் கொஞ்சமாகத்தான் வாங்கும், ஆனால் வாங்கியதைக் கதிர்வீச்சாகத் திருப்பி விடாது. யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லப்போவதில்லை.

இதில் நடக்கும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய அட்டவணையில் வெள்ளை டப்பாதான் அதிகம் சூடாகியிருந்தது. "டப்பாக்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தாயா?" என்றேன். இல்லை. எப்படி வைத்தான் என்று படம் போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டுக்கொண்டே வந்தவன் பாதியில் பென்சிலை நிறுத்தினான். கடைசியில் வைத்த கறுப்பு டப்பா மேல் பாதி நேரம் பக்கத்துத் தொட்டியின் நிழல். தானே கண்டுபிடித்துவிட்டான். எண்களை மாற்றி எழுதாமல் வந்ததை அப்படியே வைத்திருந்ததால்தான் அது வெளியே வந்தது, அவனுக்கு நான் நல்ல மதிப்பெண்ணே கொடுத்தேன். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் டப்பாக்களை இடம் மாற்றி வையுங்கள். மூன்று நாள் மூன்று விதமாக வெயில் அடித்தாலும் பரவாயில்லை. மூன்று டப்பாக்களும் ஒரே வெயிலைத்தான் பார்க்கின்றன என்பதால், அன்றன்றைய வித்தியாசத்தை ஒப்பிட்டால் போதும்.

அப்புறம் வெப்பமானி. மலிவான வெப்பமானிகள் ஒன்றோடொன்று ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வித்தியாசம் காட்டுவது சாதாரணம். மூன்றையும் ஒரே பாத்திரத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, எது எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொடித்த ஐஸும் தண்ணீரும் கலந்த கூழில் வைத்தால் 0 காட்ட வேண்டும். குமிழ் டப்பாவின் அடியையோ சுவரையோ தொடக் கூடாது. படிப்பதற்கு முன் தண்ணீரை ஒரு முறை மெதுவாகக் கலக்க வேண்டும், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலே போய் நின்றுகொள்ளும். காற்றின் வெப்பநிலையை அளக்கும் சோதனையாக இருந்தால் வெப்பமானியின் குமிழ் மேல் நேர் வெயில் படக் கூடாது. பட்டால் அது தன்னுடைய சூட்டைத்தான் சொல்லும்.

துப்பாக்கி மாதிரிப் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வீட்டில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். பெயின்ட் பூசிய டப்பாக்களுக்குச் சரியாக வரும். பளபளப்பான டப்பாவில் வைத்தால் உள்ளே சுடு தண்ணீர் இருந்தாலும் அறை வெப்பநிலையை ஒட்டி ஏதோ காட்டும். அது டப்பாவின் கதிர்வீச்சைப் பார்க்கவில்லை, டப்பாவில் பட்டுத் திரும்பும் உங்கள் முகம், சுவர் ஆகியவற்றின் கதிர்வீச்சைப் பார்க்கிறது. டப்பாவில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் வைத்துப் பாருங்கள், எண் சட்டென்று ஏறும். இதையே மேசையில் ஒரு செயல்விளக்கமாக வைக்கலாம். வருகிறவர்கள் தாங்களே பிடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

இனி நீங்கள் கேட்ட மற்ற இரண்டு.

சூரிய அடுப்பு கைவேலையாக நல்லது. திட்டமாக எடுக்க வேண்டுமானால் அதற்குள் ஒரு கேள்வி வேண்டும்: மேலே ஒரு கண்ணாடியா இரண்டா? பக்கச் சுவரில் எவ்வளவு தடிமன் அட்டை? எதிரொளிக்கும் மூடியை எந்தக் கோணத்தில் வைப்பது? ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கலாம். பெட்டி அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழிவான பெரிய கண்ணாடி வைத்த அடுப்பு ஒளியை ஒரே இடத்தில் குவிக்கும், அதில் கண்ணுக்கும் கைக்கும் நிஜமான ஆபத்து உண்டு.

ஜாடியில் பசுமை இல்ல விளைவு, இதைத்தான் நான் வேண்டாம் என்பேன். ஒரு ஜாடியில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் கார்பன் டை ஆக்சைடு, இரண்டுக்கும் மேலே விளக்கு, கார்பன் டை ஆக்சைடு ஜாடி அதிகம் சூடாகிறது, ஆகவே புவி வெப்பமாதல். எதிர்பார்த்த விடை வந்துவிடும், ஆனால் காரணம் வேறு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது ஜாடிக்குள் கலங்காமல் தங்கிவிடுவதால் சலனம் வழியாகப் போகும் வெப்பம் குறைகிறது, ஜாடி சூடாகிறது. அகச்சிவப்பை உறிஞ்சாத, ஆனால் கனமான ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் ஏறக்குறைய இதே மாதிரி சூடாகும். கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பை உறிஞ்சி பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுமை இல்ல விளைவு உண்மை, அந்த ஜாடி அதைக் காட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். விவரம் தெரிந்த நடுவர் கேட்டுவிட்டால் பிள்ளை திக்குமுக்காடிப் போகும். யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இலேயே கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து அளந்து, கார்பன் டை ஆக்சைடு அதிகம் இருந்தால் பூமி சூடாகும் என்று எழுதினார். மகளுக்கு இந்தத் தலைப்புதான் பிடித்திருக்கிறது என்றால் அவருடைய கதையைப் படிக்கட்டும், சோதனையாக மட்டும் எடுக்க வேண்டாம்.

டப்பா பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் (சொல்லலாம், திட்டம் அவளுடையது) என்னிடம் இன்னும் மூன்று யோசனைகள் உண்டு.

ஒன்று, வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800இல் செய்தது. முப்பட்டகத்தால் வெயிலை நிறமாலையாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி இன்னும் அதிகம் ஏறியது. அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை அதுதான். ஓர் அட்டைப் பெட்டி, முப்பட்டகம், குமிழில் கறுப்பு பூசிய நான்கு வெப்பமானிகள் இருந்தால் வீட்டிலும் வரும். நான்காவது நிறமாலைக்கு வெளியே, ஒப்பிடுவதற்கு. நிறமாலை சின்னதாக விழும், ஏற்றம் சில டிகிரிதான், முப்பட்டகத்தைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். எல்.இ.டி. விளக்கில் முயல வேண்டாம், அதன் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. முடிவு எழுதும்போது ஒரு எச்சரிக்கை: முப்பட்டகம் சிவப்புப் பக்கத்தை நெருக்கிக் குவிக்கும், நீலப் பக்கத்தை விரித்துவிடும். அதனால் "அகச்சிவப்பில்தான் ஆற்றல் அதிகம்" என்று எழுதிவிட வேண்டாம்.

இரண்டாவது, வெயிலே வேண்டாத திட்டம். இருட்டு அறையில் ஒரு சின்ன பல்பு, ஒளியை லக்ஸ் அலகில் அளக்க ஒரு ஆண்ட்ராய்டு போன். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போனில் உள்ள ஒளி உணரியின் அளவைக் காட்டும். ஐபோனில் அந்த உணரியைச் செயலிகளுக்குத் திறந்துவிடுவதில்லை. தூரத்தை 20, 40, 60, 80 செ.மீ. என்று மாற்றினால் ஒளி நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று இறங்க வேண்டும். சுவரும் வெள்ளைச் சட்டையும் எதிரொளிப்பதால் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகைத் தேடிப் பிடிப்பதே பாதி சுவை. மழைக்காலத்தில் கண்காட்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

மூன்றாவது ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இன்னும் பொருத்தம். சூரியப் பலகைக்கு ஒளி பிடிக்கும், வெப்பம் பிடிக்காது. பலகையில் உள்ள சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் திறனில் சுமார் 0.4 சதவீதம் இழக்கிறது. 25 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் 14 சதவீதம். விளையாட்டுப் பொருள்களில் வரும் சின்னப் பலகை ஒன்றும் மல்டிமீட்டரும் போதும். வெயிலில் வைத்து, சூடேறச் சூடேற மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது, பின்பக்கம் ஈரத்துணி வைத்தால் எப்படி ஏறுகிறது என்று குறித்துக்கொண்டே போகலாம். ஒரே பொருளில் ஒளியும் வெப்பமும் எதிரெதிராக வேலை செய்வதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

எதை எடுத்தாலும் சூரியனை நேராகவோ லென்ஸ் வழியாகவோ பார்க்கக் கூடாது. பூதக்கண்ணாடியை வெயிலில் மேசை மேல் விட்டுவிட்டு நகரக் கூடாது. பழைய குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது, தொட்டால் சுட்டுவிடும்.

சார்ட்டில் நிறைய எழுத வேண்டாம். நடுவில் ஒரு பெரிய வரைபடம்: கிடையில் நேரம், நெடுக்கில் வெப்பநிலை, மூன்று கோடுகள். அதன் கீழே அவள் முதலில் என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது என்று இரண்டு வரி. அடித்தல் திருத்தலோடு உள்ள அசல் நோட்டும் மேசையில் இருக்கட்டும், அழகாகப் படியெடுத்தது வேண்டாம். "கறுப்பும் வெள்ளையும் ஏன் ஒன்றாக ஆறின?" என்று கேட்டால் என்ன சொல்வாள் என்பதை இயற்பியல் தெரியாத யாராவது ஒருவரிடம், பாட்டியோ தம்பியோ, இரண்டு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

மூன்று வாரம் என்றீர்கள். பெயின்ட் காய ஒரு நாள் ஆகும், வெயில் ஏமாற்ற நான்கைந்து நாள் ஒதுக்கிவிடுங்கள், வரைபடத்துக்கும் சார்ட்டுக்கும் கடைசி வாரம். வெப்பமானிகளை ஒரே பாத்திரத்தில் வைத்து ஒப்பிடும் வேலைக்கு வெயிலும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். அதை இன்று இரவே செய்துவிடலாம்.